கரண்ட் போன நேரத்துப் பாட்டு

ராஜமணி பீடித் தட்டை மடியில் வைத்து இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசற்படிக்கு அந்தப் பக்கம், முன்னறை முழுவதையும் அடைத்துக்கொண்டு அவள் புருஷன் நர்சய்யாவின் இரண்டு விசைத்தறிகள் ஓடின. எதிர்வீட்டிலும் தறி, பக்கத்து வீட்டிலும் தறி. நெசவு ஊரான சிர்சில்லாவின் அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகள் பேச்சைக் காதால் பிடிப்பதற்கு முன்பே உதட்டிலிருந்து படித்துவிடும். நர்சய்யா நிமிர்ந்து பார்த்தான். அவள் வாயை மட்டும் அசைத்து, "சோறு ஆறுது" என்றாள். "இந்தத் தார் நூல் தீரட்டும்" என்று அவனும் உதட்டாலேயே சொல்லிவிட்டுக் குனிந்தான்.

இடதுபக்கத் தறிக்கு ஒரு நொண்டல் உண்டு. ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாவை அடித்துத் தள்ளும் தோல்பட்டை தேய்ந்துபோனதால், ஓடிக்கொண்டே இருக்கும்போது தடுக்கி விழுந்து எழுந்ததுபோல ஓர் இரட்டை அடி அடிக்கும். தெருவில் அதற்கு நொண்டித் தறி என்றே பெயர். புதுப் பட்டை வாங்க வேண்டும் என்று நர்சய்யா ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்வான்.

மத்தியானம் கரண்ட் போனது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டது. எங்கோ ஒரு காக்கை, யார் வீட்டிலோ குக்கர், தறிக் கொட்டகைகளில் ஆண்களின் இருமல் எல்லாம் திடீரென்று பக்கத்தில் வந்துவிட்டதுபோலக் கேட்டன.

"போச்சு, இன்னிக்குக் கூலியிலயும் மண்ணு," என்றாள் எதிர்வீட்டுப் பூதேவி. "உங்க வீட்லதான் யக்கா கரண்ட் போனா கொண்டாட்டம். வர்றான் பாரு உன் கொழுந்தன், புதுப் பொண்டாட்டிய அணைச்ச மாதிரி பொட்டிய அணைச்சுக்கிட்டு."

ஓதேலு தெருமுனைக் கொட்டகையிலிருந்து ஓடிவந்தான். அவன் நெஞ்சில் இருந்தது எழுத்துக் கட்டைகள் பாதி உதிர்ந்த பழைய லேப்டாப். "அண்ணி, எழுந்திரு. பேட்டரி கொஞ்சந்தான் இருக்கு."

"இருடா, கை கழுவிட்டு வர்றேன். வாயெல்லாம் தூள்."

பின்னறையில் துணி வியாபாரி சேட்டுக்குப் போகவேண்டிய, சாயமேற்றாத கோராத் துணி மடிப்பு மடிப்பாகக் கூரைவரை அடுக்கியிருந்தது. அந்தத் துணிச் சுவர்களுக்கு நடுவில் ஆள் நிற்கும் அளவுக்குத்தான் இடம். குரல் எங்கும் மோதித் திரும்பாத அறை அந்த வீட்டில் அது ஒன்றே. சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக் ஒன்றை ஓதேலு சந்தையில் வாங்கியிருந்தான். அதை ஒரு காலி நூல் கண்டின் தலையில் கட்டி, மூச்சுக்காற்று நேராக மோதாமல் இருக்கக் குழந்தைக் காலுறை ஒன்றை மாட்டியிருந்தான். கவிழ்த்த எண்ணெய் டின்னை முட்டிக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

பீடித் தூள் ராஜமணியின் நெஞ்சில் இறங்கிக் கொஞ்ச காலமாகிறது. பீடியை விடு, இல்லாவிட்டால் பாட்டை விடு என்று டாக்டர் சொன்னது ஓதேலுவுக்கு மட்டும் தெரியும். மூச்சு பற்றாத இடத்தில் அவள் ஒரு தந்திரம் பழகியிருந்தாள். வரி முடிந்த இடத்தில் மூச்சு எடுக்காமல், ஒரு சொல்லின் நடுவில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் திருடிக்கொள்வாள். கேட்பவருக்கு அது விம்மல்போல இருக்கும். அந்த இடம் வரும்போது ஓதேலுவின் விரல் டின்னின் மேல் ஒரு கணம் காத்திருக்கும். அவள் திரும்பி வந்த பிறகே விழும்.

*தறி நின்ன வீட்டுக்கு வந்தாயோ, ஆவாரம்பூவே,*
*நூலறுந்த கையால உன்னை எப்படிக் கோர்ப்பேன்…*

பூ அடுக்கிக் கொண்டாடும் பதுகம்மா பண்டிகைக்கென்று அவளே கட்டிய பாட்டு. கடைசி 'கோர்ப்பேன்' என்பதை அவள் இழுத்துக்கொண்டுபோய்க் கீழே இறக்கும்போது கரண்ட் வந்துவிட்டது. முன்னறையில் நொண்டித் தறி தடுக்கி எழுந்து ஓட ஆரம்பித்தது. அடுத்த நொடி தெருவே இரைந்தது. ஓதேலு பதிவை நிறுத்திச் சேமித்ததும் லேப்டாப்பின் திரை கறுத்தது.

"போச்சா?" என்று உதட்டால் கேட்டாள்.

"பதிஞ்சிருச்சு," என்றான் ஓதேலு. "கடைசியில அண்ணனோட தறியும் சேர்ந்து பாடிருச்சு."

இன்னொரு முறை எடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். அந்த வாரம் கரண்ட் போகவே இல்லை. தறிச் சத்தத்தோடேயே அதை யூடியூபில் ஏற்றினான்.

பாட்டு கைக்குக் கை போனது. நூல் கடையில், பஸ்ஸில், பீடிக் கம்பெனியின் வாசலில் அது ஒலித்தது. பீடிக் கட்டுகளைச் சோதித்துப் பாதியைக் கழித்துப்போடுகிறவன்கூட, "நீயா பாடுனது?" என்று கேட்டுவிட்டுப் பழையபடி பாதியைக் கழித்துப் போட்டான். ஹைதராபாத்திலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனி கூப்பிட்டது. பாட்டு பிடித்திருக்கிறது, நல்லபடியாக மறுபடி பதிவுசெய்யலாம், சரியாக வந்தால் ஒவ்வொரு பண்டிகைக்கும் நீங்களே பாடலாம் என்றார்கள். ராஜமணி அன்று இரவு பீடிக் கத்தரியைத் துடைத்துப் பரணில் வைத்தாள். காலையில் வெட்கப்பட்டு எடுத்துக்கொண்டாள்.

ஹைதராபாத்தில் கம்பெனியின் ஒலிப்பதிவு அறைக்குள் ஏ.சி. குளிர் தொண்டையைப் பிடித்தது. பிரணீத் என்ற இளைஞன்தான் அங்கே எல்லாம். முதலில் அவன் மைக்கைத்தான் அறிமுகம் செய்துவைத்தான்.

"ஜெர்மனியிலேர்ந்து வந்தது, அக்கா. உங்க வீட்டுத் தறி ரெண்டையும் வித்தாலும் இதோட ஸ்டாண்டுதான் வாங்கலாம். கிட்டப் போய் மூச்சு விடாதீங்க."

"மூச்சு விடாம எப்படி தம்பி பாடுறது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓதேலு தன் மைக்கை, காலுறையோடு, பையில் கொண்டுவந்திருந்தான். அதைப் பார்த்ததும் பிரணீத், "இதைத் தோய்ச்சாவது எடுத்துட்டு வந்திருக்கலாம் ப்ரோ" என்றான். மறுபடியும் சிரிப்பு. ஓதேலு அதைப் பைக்குள் அழுத்திவைத்துக்கொண்டான்.

அவள் காதில் ஒரு கருவி 'டிக், டிக்' என்றது. அதற்குச் சரியாக, வரி வரியாக வெட்டிப் பாடச் சொன்னார்கள். ஓதேலு பக்கத்தில் உட்கார்ந்து தட்டினால் போதும் என்று அவள் கேட்டுப்பார்த்தாள்.

"அவர் தட்டுறது ஒரே சீரா இல்லக்கா. நடுவுல நிக்குது."

"எனக்காகத்தான் நிக்குது."

"கம்ப்யூட்டர் யாருக்காகவும் நிக்காதுக்கா."

அவள் மூச்சைத் திருட வேண்டிய இடத்தில் 'டிக்' முன்னால் போய்விட்டது. துரத்திக்கொண்டு ஓடினாள், இருமினாள். பிரணீத் அவள் பாடியதைத் திரையில் நீட்டிவைத்து வளைவுகளை நேராக்கினான். திரும்பக் கேட்டபோது இஸ்திரி போட்ட புடவைபோல இருந்தது, மடிப்பும் இல்லை, உடுத்தியவளும் இல்லை. கடைசியில் அவன், "உங்க குரல் இந்த லெவல் எக்விப்மென்ட்டுக்குத் தாங்கலக்கா" என்றான். ஸ்ரேஷ்டா என்ற டி.வி. பாடகியை வைத்துப் பாடவைக்கப்போவதாகவும் சொன்னான்.

பஸ்ஸில் திரும்பும்போது ராஜமணி வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். சித்திப்பேட்டை தாண்டியதும் ஓதேலு, "அண்ணி, நம்ம மைக்கைத் தோய்ச்சா கெட்டுரும். அதான் தோய்க்கல" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெரியும்டா, பேசாம இரு."

கொஞ்ச நாள் கழித்துப் பிரணீத் ஓதேலுவைக் கூப்பிட்டான். வீட்டில் பதிவுசெய்ததன் மூலக் கோப்புகள் வேண்டும், ஸ்ரேஷ்டா கேட்டுப் பழகிக்கொள்வதற்காக என்றான். ஓதேலுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெர்மனி மைக் வைத்திருக்கிறவர்கள் காலுறை மைக்கைத் தேடி வந்திருக்கிறார்கள். குரலும் டின்னும் கடைசியில் வரும் தறியும் அப்படியே இருக்க, மற்ற இரைச்சலைத் துடைத்துச் சுத்தமாக்கி, எப்படிக் கேட்க வேண்டும் என்று விளக்கமும் எழுதி அனுப்பினான். "நம்ம வேலையை மதிக்கிறாங்க அண்ணி" என்றான்.

பண்டிகைக்கு முன்னால் கம்பெனியின் பாட்டு வந்தது. பூதேவிதான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தறிகள் இரைந்துகொண்டிருந்தன. ராஜமணி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னறையின் துணி அடுக்குகளுக்குள் புகுந்தாள். வயலின்கள் வந்தன, புல்லாங்குழல் வந்தது. பிறகு ஸ்ரேஷ்டாவின் முகம் வந்தது. அந்த முகத்தின் வாயிலிருந்து ராஜமணி பாடினாள்.

முதலில் அவளே நம்பவில்லை. தன்னைப்போலவே அந்தப் பெண் பாடப் பழகியிருக்கிறாள் என்று நினைத்தாள். பிறகு அந்தச் சொல்லின் நடுவில், அதே இடத்தில், அந்தத் திருட்டு மூச்சு. டின் காத்திருந்தது. கடைசியில் 'கோர்ப்பேன்' இறங்கும்போது நொண்டித் தறி தடுக்கி எழுந்தது.

பாட்டுக்குக் கீழே குரல் ஸ்ரேஷ்டா என்றும், ஒலி பிரணீத் என்றும், மைக் இன்னது என்றும் போட்டிருந்தது. மைக்குக்குக்கூடப் பெயர் இருந்தது. அதோடு ஒரு பேட்டி. பிரணீத் கண்ணாடி அறையில் நின்று, "அந்தத் தறிச் சத்தம் இருக்கே, நெசவாளியோட உயிர். இந்த மாதிரி மைக் இல்லாம அதைப் பிடிக்க முடியாது" என்றான்.

நர்சய்யா அதை இரண்டு தரம் கேட்டான். "என் தறி எப்ப ஜெர்மனிக்குப் போச்சு?" என்றான்.

ஓதேலு போன் செய்தான். பிரணீத் கோபப்படவில்லை, அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. "ப்ரோ, நீங்க அனுப்பினது வெறும் மாவு. நாங்கதான் சுட்டோம். எத்தனை லட்சம் சாமான்ல அதை ஓட்டியிருக்கோம் தெரியுமா? ஸ்ரேஷ்டா குரலும் ஒரு அடுக்கு உள்ள இருக்கு. கோப்பை அனுப்பும்போது வந்த படிவத்துல, அனுப்பினதெல்லாம் கம்பெனிக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்க."

"நாந்தான் அண்ணி தூக்கிக் குடுத்தேன். கழுவித் துடைச்சுக் குடுத்தேன்," என்றான் ஓதேலு. அன்று அவன் கொட்டகைக்குப் போகவில்லை.

ஊரில் சொல்லிப்பார்த்தார்கள். நெசவாளர் சங்கத்துத் தலைவர் பாட்டைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, நம்ம ஊர்ப் பேரும் வருது" என்றார். பீடிக் கம்பெனி வாசலில் பெண்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி, "உன் குரல் மாதிரியே அந்தப் பொண்ணு பாடுது, இல்ல?" என்றாள்.

பாட்டு நன்றாக ஓடியதால் அதற்கு முழு வீடியோ எடுக்க வந்தார்கள்; படப்பிடிப்புக்கு ராஜமணியின் தெருவையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். நிஜத் தறி, நிஜப் பீடி, நிஜ வாசல் வேண்டுமாம். தலைவர் ஆட்களைத் திரட்டினார். அன்றைக்குத் தெருவில் வேறு தறி ஓடக்கூடாது, பின்னால் தெரியும் வீட்டில் மட்டும் ஒரு தறி ஓடட்டும் என்று ஏற்பாடு. பின்னால் தெரிவது நர்சய்யாவின் வீடு.

"நீ உள்ள போயிரு அண்ணி," என்றான் ஓதேலு. "எவளோ உன் வாசல்ல நின்னு உன் குரலுக்கு வாயசைக்கிறதை நீ பாக்க வேண்டாம்."

"என் வாசல்ல நான் உக்காராம வேற எங்கடா உக்காருவேன்? அவங்க வர்றாங்கன்னு நான் எதுக்கு உள்ள போகணும்?" அவள் பீடித் தட்டை எடுத்துக்கொண்டு எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

பிரணீத்தும் வந்திருந்தான். அவளைக் கண்டதும் கைகூப்பினான். "அக்கா, நல்லா இருக்கீங்களா? பாட்டு எங்கேயோ போயிருச்சு பாத்தீங்களா?"

"யார் குரல் தம்பி அது?"

அவன் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அப்படியெல்லாம் பிரிச்சுச் சொல்ல முடியாதுக்கா. நல்ல மைக்கு, நல்ல மெஷினு இல்லாம குரல்னு ஒண்ணு எங்க இருக்கு?"

"அப்ப மைக்கைத் தனியா நிக்கவிட்டுப் பாடச் சொல்லு, நான் கேக்கிறேன். எங்க மைக்குக்கு நிக்கிறதுக்கே ஒரு நூல் கண்டு வேணும்."

பூதேவி தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பிரணீத் கேமரா பக்கம் போய்விட்டான்.

ஸ்ரேஷ்டா பட்டுப்புடவையில் வந்தாள். சின்னப் பெண். வெயிலில் முகம் சிவந்திருந்தது. ராஜமணியைப் பார்த்து, "அம்மா, இந்த இலையை எப்படிப் பிடிக்கணும்?" என்று கேட்டாள். ராஜமணி ஒரு கணம் அவள் வாயையே பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து இலையை மடித்துக் காட்டினாள்.

பெரிய ஒலிப்பெட்டிகளிலிருந்து பாட்டு எழுந்தது. தெருவின் கூரைத் தகடுகள் அதிர்ந்தன. தன் குரலை அவ்வளவு பெரிதாக ராஜமணியே கேட்டதில்லை. ஸ்ரேஷ்டா ஆவாரம்பூக்களைத் தாம்பாளத்தில் ஏந்தி முன்னால் நடந்தாள். பின்னால், வாசல்களில் வரிசையாக உட்கார்ந்த பீடிப் பெண்கள்; நடுவில் ராஜமணி.

"கட், கட்." டைரக்டர் குடை நிழலிலிருந்து எழுந்தார். "பின்னால அந்தப் பச்சைப் புடவை. ஆமா, நீங்கதாம்மா. வாய் அசையுது. கூடவே பாடுறீங்க. கேமராவுல தெரியுது."

தன் வாய் அசைந்தது ராஜமணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாட்டு பிடிச்சிருக்கு, சரி. ஆனா பாடுறது அவங்க. நீங்க வேலையப் பாருங்க, வாயை மூடிக்கிட்டு. வீட்டுக்குள்ள அந்தத் தறிய ஓட்டுங்கப்பா. ஒன்ஸ் மோர்."

ஓதேலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். தலைவரின் ஆட்கள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். பாட்டு மறுபடி எழுந்தது. நொண்டித் தறி தடுக்கி எழுந்து ஓடியது. உள்ளே நர்சய்யா, சத்தத்துக்கு நடுவில், எப்போதும்போல நிமிர்ந்து மனைவியின் உதட்டைப் பார்த்தான்.

அவள் இரண்டு உதடுகளையும் அழுத்தி மூடியிருந்தாள். கை மட்டும் பீடி சுற்றிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, அந்தச் சொல்லின் நடுவில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், அவள் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது.