இரவல் விரல்

பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் வைப்பது என் வேலை. நேற்று உடைந்துபோன ஒரு கேக்கை வீணாக்க மனமில்லாமல் நானே தின்று தீர்த்தேன். இன்சுலினும் போடவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு நான் சர்க்கரை பார்ப்பதை மகள் வீடியோவில் பார்த்தாக வேண்டும். அவள் நர்ஸ்; வாயைத் திறந்தால் மூடமாட்டாள். இந்த வயதில் பெற்ற பெண்ணிடம் திட்டு வாங்க எனக்கென்ன தலையெழுத்தா?

மீட்டர் மட்டும் தெரியும்படி போனைச் சாய்த்து வைத்தேன். மனைவியிடம் கேக் விஷயத்தைச் சொல்லி, "சத்தம் காட்டாம விரலை நீட்டு" என்றேன். நீட்டினாள். ஊசியால் குத்தி, அவள் ரத்தத்தை மீட்டர் ஸ்ட்ரிப்பில் தொட்டு வைத்தேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

"அப்பா! இன்சுலின் போட்டீங்களா இல்லையா? இப்படியே போனா கண்ணு போயிடும்பா!"

நான் மனைவியைப் பார்த்தேன். சில மாதங்களாக இவள் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள். ராத்திரியில் எழுந்து எழுந்து போகிறாள். உடுப்பெல்லாம் தொளதொளத்துவிட்டது. "இளைச்சு அழகாயிட்டியே, மறுபடி பொண்ணு பாக்க வரவா?" என்று கிண்டல் செய்தவன் நான்.

விரலைச் சூப்பிக்கொண்டே அவள் சத்தமாகக் கேட்டுவிட்டாள்:

"நீங்க தின்ன கேக்கு எனக்கு எப்படிங்க ஏறிச்சு?"

"அப்பா, அது யாரு விரல்?" என்றாள் மகள். போனை அவள் அம்மா பக்கம் திருப்ப எனக்குக் கை எழவில்லை.