பொறித்தாள்

கார்காலம் வரவேண்டிய திங்களில் வேனில் இடம்பெயர மறுத்து நின்றது. எழும் கதிரிலேயே நண்பகலின் சினம் இருந்தது. மேகங்கள் வாராமல் இல்லை. வந்தன, அழையாத வீட்டின் வாயிலில் நிற்பவர்போல் வானின் விளிம்பில் சற்றே தயங்கின, ஒரு துளியும் ஈயாமல் திரும்பின. மரங்கள் இலையசைக்கவும் அஞ்சின. பறவைகள் இருந்த நிழலைப் பங்கிட்டுக்கொண்டு வாய் திறந்து அமர்ந்திருந்தன. பருவம் தன் முறையை மறந்துவிட்டதோ என்று கேட்க எவருக்கும் துணிவில்லை. கேட்டால் மெய்யாகிவிடும் என்பதுபோல், இந்த வருஷம் கொஞ்சம் அதிகம் என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

அத்தகைய ஒரு நாளின் பிற்பகலில், விடைத்தாள் திருத்தும் கூடத்தில், ஆசிரியை ஒரு கட்டுரையை மூன்றாம் முறை படித்துக்கொண்டிருந்தாள். அனல் மின்நிலையங்களை மூடுவது சரியா என்பது கேள்வி. இருபது மதிப்பெண், எட்டு எடுத்தால் தேர்ச்சி. விடைக்குறிப்பு எதையும் ஐயத்துக்கு விடவில்லை: முன்னுரைக்கு இவ்வளவு, நன்மைக்கு இவ்வளவு, தீமைக்கு இவ்வளவு. தெளிவான முடிவு இல்லையேல் எவ்வளவு எழுதியிருந்தாலும் ஏழுக்கு மேல் இல்லை.

தாள் இவ்வாறு சென்றது: ‘அப்பா அங்கேதான் சாம்பல் அள்ளும் வேலை பார்க்கிறார். அந்த நிலையம் தரும் மின்சாரத்தில் விசிறி சுற்றினால்தான் தம்பிக்கு மூச்சு சீராக வரும். மூடினால் அப்பா வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார். மூடாவிட்டால் வெயில் இன்னும் ஏறும் என்கிறார்கள்; சென்ற ஆண்டு வெயிலையே தம்பி தாங்கவில்லை. எந்தப் பக்கம் எழுதினாலும் எங்கள் வீட்டில் ஒருவருக்கு எதிராக எழுதுகிறேன். எனக்கு முடிவு தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுதப் பயமாக இருக்கிறது.’ அதற்குக் கீழே தாள் வெறுமையாக இருந்தது.

படித்ததும் அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. நெகிழ்ந்த மறுகணமே அச்சம் பிடித்தது. இது பொறியாக இருந்தால்?

திருத்துவோர் ஒரே அளவுகோலைப் பிடிக்கிறார்களா என்று அறிய, முன்பே மதிப்பிட்ட தாள்கள் சிலவற்றைக் கட்டுகளுக்குள் கலந்து வைப்பது அங்கு வழக்கம். எது அத்தகைய தாள் என்பது முதன்மைத் தேர்வாளர் ஒருவருக்கே தெரியும். திருத்துவோர் அதற்கு இட்ட பெயர் பொறித்தாள். நேற்று அவள் ஒன்றில் அகப்பட்டாள். முடிவுரை இல்லாத ஒரு கட்டுரையின் அழகில் மயங்கிப் பதினைந்து போட்டாள். உரிய மதிப்பெண் ஏழு. இன்னொரு முறை தவறினால் திருத்தும் முகாமிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அறிக்கை மேலிடத்துக்குப் போகும். ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிக ஆசிரியையாகவே இருப்பவளை நிரந்தரமாக்கும் பட்டியல் இந்த மாதம்தான் அந்த மேலிடத்தில் தயாராகிக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கைக்காரம்மா, திருத்தும் வேகத்தால் மின்னல் என்று பெயர் பெற்றவர், நேற்றே அவளுக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்.

“ஆண்டவனே வந்து கட்டுரை எழுதினாலும் முடிவுரை இல்லேன்னா ஏழுதான் டீச்சர். கும்பிடு போட்டுட்டு ஏழு போடுங்க.”

ஆசிரியை தாளை மீண்டும் நோக்கினாள். ஒரு பிள்ளை இவ்வளவு திருத்தமாக எழுதுமா? நேற்றைய தவற்றை அறிந்த எவரோ அவளுக்கென்றே நெய்த வலைபோல் அல்லவா இருக்கிறது? ஐயம் வளர வளர ஒவ்வொரு சொல்லும் தூண்டிலாகத் தோன்றியது; சாம்பல் அள்ளும் தந்தைகூட எவரோ அமைத்த இரையாகத் தெரிந்தார். ஏழு என்று எழுதினாள். எழுதியதும் மூச்சு இலகுவாயிற்று. தப்பித்தோம் என்று மனம் சொன்னதை அவள் தெளிவாகக் கேட்டாள்.

தேநீர் வேளையில் முதன்மைத் தேர்வாளர் அவள் மேசையருகே வந்து நின்றார். கண்டிப்பானவர், கடுமையானவர் அல்லர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு. நிம்மதியா திருத்துங்க டீச்சர். நேத்து பயந்தது போதும்னு இன்னிக்கு உங்க கட்டுல நான் பொறி எதுவும் வைக்கல.”

இரக்கத்தால் சொன்ன சொல் அவள் மேல் இடியாய் இறங்கியது. அப்படியானால் எழுதியது ஒரு பிள்ளை. அந்தத் தம்பி எங்கோ மெய்யாகவே மூச்சுக்குத் திணறுகிறான். மெய்யைக் கண்டு வலை என்று அஞ்சி, தேர்ச்சிக்கு ஒன்று குறைவாகப் போட்டுவிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறாள் அவள்.

தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். கடைசி வரியில் அவர் கண்கள் சிறிது நேரம் தங்கின. பிறகு, விதிப்படி ஏழுதானே, இதில் பிழையேது என்று கேட்டார். விதி பிழையாக இருக்கலாமே என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“நீங்க இரக்கப்பட்டு ஏத்திடுவீங்க. இரக்கப்படாதவங்க கட்டுக்குப் போன பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு?”

கூடத்தில் குனிந்திருந்த தலைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் தன் மனம்போல் போட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆயினும் மறுபார்வைச் சீட்டு ஒன்று கேட்டாள்.

அவர் உடனே தரவில்லை. “மூணு பேர் படிப்பாங்க. ஏழு சரின்னு சொல்லிட்டா, வீணா மறுபார்வை கேட்டதே உங்க ரெண்டாவது தப்பா போயிடும். அப்புறம் என் கையில எதுவும் இல்லம்மா.”

“தெரியும் சார்.”

“பட்டியல் வர்ற மாசம்.”

“அதுவும் தெரியும் சார். பயமாத்தான் இருக்கு. குடுங்க.”

சீட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. கற்ற சொற்களெல்லாம் அவளைக் கைவிட்டிருந்தன. ‘நான் தாளைப் படித்து மதிப்பிடவில்லை, அஞ்சி மதிப்பிட்டேன்’ என்று எழுதித் தன் முகாம் எண்ணை இட்டாள். மின்னல் எட்டிப் பார்த்தார். வாய்வரை வந்த ஏதோ கேலியை விழுங்கிவிட்டுத் தம் தண்ணீர்ப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

முதன்மைத் தேர்வாளர் சீட்டைத் தாளோடு சேர்த்துக் குத்தி உள்ளறைக்கு எடுத்துச் சென்றார். கதவு சாத்தப்பட்டது. அவள் முன் அடுத்த தாள் காத்திருந்தது. வெளியே வெயில் சன்னற்கம்பிகளைத் தொட முடியாதபடி காய்ச்சிக்கொண்டிருந்தது. அவள் மேசைக்கடியில், எவரும் காணாவண்ணம், இரு கைகளையும் கூப்பித் தலை தாழ்த்தினாள். பட்டியலைப் பற்றி ஒரு சொல் வேண்டிக்கொள்ள நா எழுந்தது, அதை அடக்கினாள். பெயரறியாத அந்தப் பிள்ளையின் தேர்வு எண் மட்டும் நினைவில் நின்றது. அதையே திருநாமம்போல் மும்முறை உதட்டுக்குள் உருவிட்டாள்.

எங்கிருந்தாலும் நன்றாயிரு, குழந்தாய். நடந்துகொண்டிருந்தால் உன் கால் இடறாதிருக்க. படித்துக்கொண்டிருந்தால் உன் கண் நோகாதிருக்க. நீ அஞ்சாதிருக்க.