உளைப் பாதைக்கு முள்

"அப்பாவ உளைப் பாதை வழியா எடுக்காதீங்க பெரியப்பா. கொல்லை வழியா எடுங்க."

செல்லியம்மாள் இதைச் சொன்னதும் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தவர்களின் கை நின்றது. விடிந்ததிலிருந்து அவள் அம்மா அம்மாக்கண்ணு மூன்று முறை சொல்லிவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே. செத்தவன் போகிற வழியை மாற்றச் சொல்லி எந்தப் பெண்ணும் இந்த ஊரில் கேட்டதில்லை. மூன்று முறையும் செல்லி தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, வாசலுக்கு வந்து கேட்டேவிட்டாள்.

அந்த ஊரில் ஒருவன் உயிரோடு இருக்கும்போது எந்த வழியில் அதிகம் நடந்தானோ அந்த வழியாகத்தான் அவனை எடுத்துப்போவார்கள். உழுதவன் கொல்லை வழியாகப் போவான். ஆடு மேய்த்தவன் கரட்டு வழியாகப் போவான். புதைத்துவிட்டுத் திரும்பும்போது அந்த வழியின் வாயில் சூரைமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிடுவார்கள், கால் பழகிய தடத்தில் செத்தவன் திரும்பி வந்துவிடக் கூடாது என்று. மழைக்காலம் முழுக்க முள் கிடக்கும். தை மாதம் சேவல் அறுத்த பிறகே எடுப்பார்கள். கொல்லைக்குப் போக இன்னொரு வரப்பு உண்டு, கரட்டுக்கு ஏற இன்னொரு தடம் உண்டு, ஆகவே இதுவரை யாருக்கும் இதனால் நஷ்டம் வந்ததில்லை.

ஆனால் செல்லியின் அப்பா சடையன் நடந்தது ஏரிப்பக்கத்துச் சேற்றுக்குள் போகும் உளைப் பாதையில். அதற்குப் பக்கத்தில் வேறு தடம் கிடையாது.

பெரியப்பா அருணகிரிதான் ஊர்க்கவுண்டர், ஊருக்குத் தலைவர். அழுது சிவந்த கண்ணோடு அவர் எழுந்து வந்தார்.

"இன்னா பேசற நீ? என் தம்பி ஆயுசு பூரா அந்தச் சேத்துலதான் கெடந்தான். அந்த வழியா போற மரியாதையாவது அவனுக்கு வேணாமா?"

"மரியாதை வேணாம். பாதை வேணும்."

மூங்கில் பிளந்தவர்களில் ஒருவன் அரிவாளைத் துடைத்துக்கொண்டே, பி.ஏ. படிச்ச பொண்ணு கீற வூட்ல பொணம்கூட அவளக் கேட்டுத்தான் வழி நடக்கணும் போல கீது என்றான். நாலு பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பு வந்ததற்கும் செல்லியையே முறைத்தார்கள். அம்மா வந்து அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிடியில் கோபம் இல்லை, காய்ச்சலில் கிடந்தவருக்காக எட்டு நாள் கண்விழித்த கையின் பாரம்தான் இருந்தது.

ஊருக்கும் ஏரிக்கும் நடுவில் அரை மைலுக்கு உளை. மேலே கோரை பச்சைப்பசேல் என்று நிற்கும். நம்பிக் காலை வைத்தால் இடுப்புவரை இழுத்துக்கொள்ளும். மாடு இறங்கினால் கொம்பு மட்டும்தான் கொஞ்ச நேரம் தெரியும். உளையைத் தாண்டினால் ஏரிக்கரை, அதற்கப்பால் நாலு மைல் காடு, அப்புறம் இறக்கம், ஒடுகத்தூர். விடியற்காலை புறப்பட்டால் மத்தியானம் பஸ்ஸைப் பார்க்கலாம். முன்பெல்லாம் உளைக்குப் பயந்து சந்தவாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். வழியில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். கரடி நடமாட்டம் வேறு. ஆண்களே கூட்டமாகப் போனால்தான் உண்டு. பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்?

அப்பா யாரையும் கேட்கவில்லை. ஒரு கோடையில் கையில் கொடுவாளும் தோளில் நொச்சிக் குச்சிக் கட்டுமாக உளையில் இறங்கினார். ஒவ்வோர் எட்டுக்கும் கழியால் குத்திப் பார்த்து, குச்சியை நட்டு, அடுத்த எட்டு. அடியில் கெட்டி மண் இருந்தால் குச்சி பிடித்துத் துளிர்க்கும். வெறும் சேறாக இருந்தால் கருத்து அழுகும். துளிர்த்த குச்சிக்குப் பக்கத்தில் காலை வை, கருத்த குச்சியை விட்டு விலகு, அவ்வளவுதான் அவருடைய பாதை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் உளை இடம் மாறிப் படுக்கும். மழைக்கு முன்னால் புதுக்குச்சி நடாமல் விட்டால் தை மாதத்தில் பாதை எங்கே இருந்தது என்று நட்டவருக்கே தெரியாது. செல்லிக்குப் பத்து வயதானபோது அந்தப் பாதையில்தான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஒடுகத்தூர் ஹாஸ்டலில் விட்டார். இப்போது அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு வருஷமாக டீச்சர்.

மார்கழியில் வேலூர்க் காலேஜ்களிலிருந்து பூட்ஸும் முதுகுப் பையுமாகப் பையன்கள் மலை நடக்க வருவார்கள். அப்பா வெறுங்காலோடு முன்னால் போவார். ஊர் திரும்பும்போது அந்தப் பையன்கள் ஆளுக்கொரு நற்சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். படித்துச் சொல்லு என்று ஒருமுறை செல்லியிடம் நீட்டினார். நேர்மையானவன், அதிகம் பேசமாட்டான், கொடுத்ததைச் சாப்பிடுவான். இதைத்தான் அத்தனை பேரும் வேறு வேறு கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். அவள் வாய் கசந்தது. நல்லா எழுதியிருக்காங்கப்பா என்று சொல்லி மடித்துக் கொடுத்தாள்.

அதைவிட மோசம் அந்த வரைபடம். பையன்களை அழைத்துவந்த புரொபசர் ஒருவர் இந்த மலைத் தடங்களை வரைந்து அச்சடித்திருந்தார். செல்லி அதைத் தன் காலேஜ் சுவரில் பார்த்தாள். உளைப் பாதைக்கு அந்த புரொபசரின் பெயரே போட்டிருந்தது. லீவுக்கு வந்தபோது அதை அப்பாவிடம் சொன்னாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே ஒன்றுதான் கேட்டார்.

"குச்சியெல்லாம் போட்டிருக்கானா?"

"இல்லப்பா. ஒரு கோடுதான்."

"அப்போ அத வெச்சிக்கினு எப்படிப் போவாங்க? எவனாவது உள்ள போயிடப் போறான்."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. புரொபசர் மேல் இருந்ததைவிட அப்பா மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக இருந்தது.

அந்த ஆத்திரம் இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அம்மாவும் அவளும் அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். குதிகால் வெடிப்புகளில் உளைச்சேறு கறுப்பாக இறங்கிக் கிடந்தது. செல்லி தேங்காய் நாரால் தேய்த்தாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. அது போவாது விடு, கல்யாணம் ஆன நாளா பாக்கறேன் என்றாள் அம்மா.

உளைப் பாதை வழியாகத்தான் எடுத்தார்கள். பெண்கள் ஊர் எல்லையோடு நின்றுகொண்டார்கள். உளையின் இந்தப் பக்கத்து மேட்டில் குழி வெட்டியிருந்தது. மேளம் நின்றது. வெகுநேரம் கழித்து, மண்ணில் முள்ளை இழுத்துவருகிற சரசரப்பு கேட்டது. பாதையின் வாயில் முள்ளைப் போட்டது அருணகிரிதான். இன்னொருவர் கை பட விடவில்லை. திரும்பி வந்தபோது அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் ரத்தக் கீறல். யாரோ மஞ்சள் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று கையை மூடிக்கொண்டு, செல்லி வீட்டு வாசலிலேயே பொழுது சாயும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவரை வெறுக்கலாம் என்று பார்த்தாள் செல்லி. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மலைக்கு மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. பெரியப்பாவின் மகள் சாந்தம்மாள் வந்து செல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்லியைவிட எட்டு வயது மூத்தவள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் படிப்பில் ஆசை இருந்தது. பாதை இல்லை. பதினாலில் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது அவள் மகள் ஜெயம்மாளுக்குப் பன்னிரண்டு வயது. ஒடுகத்தூர் ஹாஸ்டலில் இடம் வாங்கிக் கொடுத்தது செல்லிதான்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குது," என்றாள் சாந்தம்மாள்.

"தெரியும்."

"அப்பாகிட்ட கேட்டேன். தை வரட்டும்ன்றாரு. தை வரைக்கும் எடத்த அப்படியே வெச்சிருப்பாங்களா?"

"மாட்டாங்கக்கா. பத்து நாள் பாப்பாங்க. அப்புறம் வேற பொண்ணுக்குக் குடுத்துடுவாங்க."

சாந்தம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"எனக்குப் பாதை இல்லாம போச்சு. இவளுக்கு இருந்தும் இல்லாம போவுது. புள்ள பொட்டியெல்லாம் கட்டி வெச்சிட்டுக் கீறா. அவிழ்க்க மாட்டேன்றா." எழுந்தவள் ஒரு நிமிஷம் நின்றாள். "நீ இன்னொரு தடவ அப்பாகிட்ட கேட்டுப் பாக்கறியா?"

ஹாஸ்டலில் இடம் கேட்டு, ஸ்காலர்ஷிப் கேட்டு, பரீட்சை எழுத வெள்ளைப் புடவை இரவல் கேட்டு, கேட்டுக் கேட்டே பி.ஏ. வாங்கியவள் செல்லி. இந்தச் சாவில் கடைசியாக ஒன்று கேட்டாள். அதற்கு ஊர் சிரித்தது. கேட்டது போதும் என்று இருந்தது. காலேஜில் கற்றுக்கொடுக்காத ஒரு அலுப்பு எலும்புவரை இறங்கியிருந்தது.

"ஜெயாகிட்ட பொட்டிய அவிழ்க்க வேணாம்னு சொல்லுக்கா," என்றாள். "வெள்ளிக்கெழம கூட்டிக்கினு வா."

சாந்தம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் செல்லி எழுந்தாள். பதினாறு நாள் முடியாமல் மகள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதுவும் தெரியும். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகினாள். கூரை இறவாணத்தில் செருகியிருந்த அப்பாவின் கொடுவாளை எடுத்தாள். நொச்சி வெட்ட ஓடைப் பக்கம் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் வந்தவள் நின்றுவிட்டாள்.

கூரை நிழலில் விளிம்பு உடைந்த ஒரு பானை. அதில் ஒரு கட்டு நொச்சிக் குச்சி. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் அப்பா வெட்டிவந்து ஊறவைத்தது. நடுவதற்கு முன் ஒரு ராத்திரி ஊறினால் போதும் என்பார். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டாகச் சாம்பல் பச்சையில் துளிர் விட்டிருந்தது. பன்னிரண்டு நாள் வெயிலுக்குப் பானை காய்ந்து வெடித்திருக்க வேண்டும். கழுத்துவரை தண்ணீர் நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா கதவோரம் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. முறத்தின் ஓசையும் நிற்கவில்லை.

செல்லி குச்சிக் கட்டை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். பின்பக்கத்து வேலி வழியாக நழுவிப் போயிருக்கலாம். தெரு வழியாகவே நடந்தாள். பெரியப்பா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் வாசலில் குந்தியிருந்தார். கொடுவாளைப் பார்த்தார். குச்சிக் கட்டைப் பார்த்தார்.

"முள்ளு போட்டது நான்," என்றார்.

"தெரியும் பெரியப்பா."

"எடுத்தா ஊரு உன்னச் சேக்காது. நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரிங்க."

அவர் மூடியிருந்த கையைப் பிரித்து, காய்ந்துபோன கீறல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து மறிக்கவும் இல்லை.

அவள் நடந்தாள். கட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. தெருப் புழுதியில் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு, வீடுகளைத் தாண்டி, ஊர் எல்லையைத் தாண்டி, முள் கிடந்த பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.