கூட வந்தவன்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், அறை அவருடையதுதான். பிரசவ வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா. பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் சோடா. குடியை விட்ட நாளிலிருந்து கையில் சோடா பாட்டில் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை, பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. கடைசியாக, கதவோரத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த, கூட்டத்துக்குப் புதிதான கிரேன்காரன். மனிதர்கள் என்றால் அவ்வளவுதான். கூட வந்தவர்களைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்கூலுக்கு லீவு. வகுப்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சுவரெல்லாம் சாலைக் குறிகள் அச்சிட்ட அட்டைகள். ஒரு பெரிய அட்டை இருந்த ஒரே ஜன்னலையும் மறைத்துவிட்டது. மூலையில், வயிற்றைக் கிழித்துக் காட்டுகிற மாதிரி பாதியாக அறுத்த எஞ்சின் ஒன்று ஸ்டாண்டில் நின்றது. பின்பக்கம் ஒரு கழிவறை. வருகிறவர்கள் போனை முன் ஆபீஸ் மேஜை டிராயரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

குடியை விட்டவர்கள் வாரம் ஒருமுறை கூடும் கூட்டம் அது. அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் ஒவ்வொருவரும் தான் வந்ததைச் சொல்ல வேண்டும். பிறகு, கூட யார் வந்தது என்று சொல்ல வேண்டும்.

"நான் வந்திருக்கேன். பின் சீட்டுக்காரரும் வந்திருக்கார். இன்னிக்கு வாயைத் திறக்கல" என்றார் மாஸ்டர்.

"நானும் மேட்ரனும். குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் கீழ போடப் போறே, போடப் போறேன்னு காதுல ஓதறா" என்றாள் நர்ஸ் அக்கா.

"நானும் மச்சானும். வழக்கம்போல ஒரே ஒரு ரவுண்டுதான் மச்சான்னு கெஞ்சறான்" என்றான் சோடா.

கூட வந்தது அவரவர் பயம். குடிக்கச் சொல்வதும் அதுதான், குடிக்காவிட்டால் நெஞ்சைப் பிடித்து உலுக்குவதும் அதுதான். ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கிரேன்காரன் முறை வந்தது.

"நான் மட்டும்தான் வந்தேன்."

"தனியா வந்தவனுக்கு இங்க என்னய்யா வேலை? சினிமாவுக்குப் போயிருக்கலாமே!" என்றான் சோடா. எல்லாரும் சிரித்தார்கள். கிரேன்காரனும் சிரித்துவைத்தான். மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவன் கதை பெரிய கதை இல்லை. ஒருநாள் மேலே கேபினில் இருந்தபோது, கொக்கியில் இரும்புக் கட்டு தொங்கிக்கொண்டிருக்க, நெஞ்சு அடைத்தது. கை மரத்தது. செத்தோம் என்றே நினைத்தான். டாக்டர் பார்த்துவிட்டு, இதயம் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது, இது வெறும் பயம் என்றார். வெறும் பயம்! மேலே உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரியும். ஏறுவதற்கு முன் ஒரு மடக்கு குடித்தால் அது அடங்கும் என்று கண்டுபிடித்தான். மடக்கு குவார்ட்டரானது. அப்புறம் குடித்தாலும் பயம், குடிக்காவிட்டாலும் பயம். கடனை அடைக்கக் கடன் வாங்கிய கதைதான். வாடையைக் கண்டுபிடித்த இன்ஜினீயர் அவனைக் கீழே இறக்கிவிட்டார்.

"வீறாப்பா நீயே திடீர்னு நிறுத்தித் தொலைக்காதே, வலிப்பு வந்துடும்" என்று டாக்டரிடம் இழுத்துப் போனவள் நர்ஸ் அக்காதான். மாத்திரை, தூக்கம், நடுக்கம் எல்லாம் ஒருவழியாக முடிந்தது. உடம்பு சொன்னபடி கேட்டது. பயம் மட்டும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில், அதாவது மறுநாள், மெஷினில் ஊதிக் காட்டிவிட்டு மேலே ஏற வேண்டும். இன்ஜினீயர் கொடுத்த கடைசி வாய்ப்பு. ஊதும்போது வாடை வந்தாலோ, ஏணியில் கால் வராவிட்டாலோ வேலை போய்விடும். மகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்ட மனைவியும், அந்தத் திங்கட்கிழமையைப் பார்த்துத்தான் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டுப் பையில் திறக்காத பாட்டில் ஒன்று இருந்தது. அன்று காலையில் வாங்கியது. எதற்கு வாங்கினான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது.

கூட்டம் முடியும்போது இன்னொரு வழக்கம். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். புதிதாக வந்தவன் முதலில் எழுந்து போவான், பிறகு ஒவ்வொருவராக. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கூட வந்தவர்களை உள்ளேயே விட்டு மாஸ்டர் கதவைப் பூட்டுவார். பூட்டிய பிறகு உள்ளேயிருந்து யார் தட்டினாலும் அடுத்த வாரம்வரை திறக்கக் கூடாது. மாஸ்டர் விளையாட்டாக ஆரம்பித்தது அது. தட்டும் சத்தத்தை நிஜமாகவே கேட்டதாகச் சோடா சத்தியம் செய்வான்.

கிரேன்காரன் எழுந்தான். கதவு பக்கத்திலேயே இருந்தது. கால் கழிவறைப் பக்கம் போனது. மற்றவர்கள் கண்மூடிக் கேட்டது காலடிச் சத்தத்தை மட்டும்தான். புதியவன் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவன் கழிவறையில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கொட்டவா, குடிக்கவா? மூடியில் விரல் வைத்ததும் விளக்கு அணைந்தது. முன் ஆபீஸில் மாஸ்டர் மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார். பூட்டு விழும் சத்தம் கேட்டது.

பாட்டிலோடு ஓடிவந்து கதவில் மோதினான். கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பழைய ஆள் வந்துவிட்டான்: நெஞ்சின் மேல் ஒரு முழங்கால், காதுக்குள் தண்ணீர் இரைச்சல். உள்ளங்கையால் படபடவென்று தட்டினான்.

வெளியே சோடாவின் குரல். "கேட்டீங்களா மாஸ்டர்? இன்னிக்கு ஒண்ணு புதுசாத் தட்டுது."

"கிரேன்காரன் விட்டுட்டுப் போனதா இருக்கும். தனியா வந்தேன்னு புளுகினான்ல."

"அடுத்த வாரம் வாடா மச்சான்!" என்று கதவில் திருப்பித் தட்டிவிட்டுச் சோடா போனான். ஷட்டர் இறங்கியது.

கிரேன்காரன் தடவித் தடவி ஒரு நாற்காலியில் விழுந்தான். கழிவறை வென்டிலேட்டர் சந்திலிருந்து ஒரு கோடு வெளிச்சம், தரையில் ஊர்ந்து எதிர் நாற்காலியின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் மூச்சு நாய் மூச்சாக இரைத்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான். அறையில் இரண்டு மூச்சு. எதிரிலிருந்து வந்த மூச்சு, அவன் மூச்சுக்கு ஒரு நொடி பின்னால் வந்தது.

அவன் மூச்சைப் பிடித்துப் பார்த்தான். எதிர் மூச்சு நிற்கவில்லை.

எதிர் நாற்காலி லேசாக முனகியது, ஆள் சாய்ந்து உட்காரும்போது முனகுவது மாதிரி. "ஒரு மூடி போதும்" என்றது. கரகரப்பில்லாத, சாதாரணக் குரல். அவனே வீட்டில் தண்ணீர் கேட்கும் குரல் அது.

நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது: மூச்சை மெதுவா வெளிய விடு, கண்ணுல படறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லு. கண்ணில் என்ன படும்? கையில் பட்டதைச் சொன்னான். "நாற்காலி." குரல் கீறலாக வந்தது. "பை. பொத்தான். என் முட்டி."

"பாட்டில்" என்று எதிரிலிருந்து பட்டியலை நிரப்பியது.

வெளிச்சக் கோட்டை ஏதோ ஒன்று மறைத்தது, விலகியது. மறைத்தது, விலகியது. அந்த அசைவை அவனுக்கு நன்றாகத் தெரியும். கிரேனுக்குக் கீழே நிற்கும் கைகாட்டி, சரக்கை இறக்கச் சொல்லிக் கையை அப்படித்தான் சுழற்றுவான். இறக்கு. இன்னும் இறக்கு. இத்தனை காலமும் அவன் மேலே உட்கார்ந்து, யாரென்று பார்க்காமலே, அந்தக் கைக்கு விசையை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மூடி பாதி திருகியிருந்தது. எப்போது திருகினான்?

"நான் வந்திருக்கேன்" என்றான். "கூட வந்திருக்கறது... கைகாட்டி."

எதிரில் மூச்சு சற்றுத் தடுமாறியது.

கிரேன் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தூக்கவும் இறக்கவும் கைகாட்டி ஒருவனின் சைகைதான் செல்லும். நிறுத்து என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் செல்லும், வழியில் போகிறவன் காட்டினாலும். கிரேன்காரன் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான். இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க, உள்ளும் வெளியுமாக வீசினான். நிறுத்து. இருட்டில், யாருமில்லாத அறையில், கோமாளி மாதிரி வீசிக்கொண்டே இருந்தான்.

வெளிச்சக் கோடு அசையாமல் நின்றது.

பயம் போய்விடவில்லை. அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் இறக்கச் சொல்லவில்லை. அவன் பாட்டிலை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போய்க் கவிழ்த்தான். களக் களக் என்று போனது. முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. அவன் திரும்பவில்லை.

டிராயரில் கிடந்த போன்தான் அவனைக் காப்பாற்றியது. கடைத்தெருவில் பேச்சுவாக்கில், டிராயரில் இன்னும் ஒரு போன் கிடந்ததே, அது கிரேன்காரனுடையதாச்சே என்று நர்ஸ் அக்கா சொல்ல, மூவரும் ஓடிவந்தார்கள். கதவைத் திறந்ததும் சாராய வாடை முகத்தில் அறைந்தது. மாஸ்டர் தலையில் கைவைத்தார்.

"போச்சு. நாமளே பூட்டிவெச்சு ஊத்திக் குடுத்துட்டோம்."

"ஊதிக் காட்டறேன், மோந்து பாருங்க" என்றான் கிரேன்காரன்.

நர்ஸ் அக்கா அவன் தாடையைப் பிடித்து மோந்தாள். "வாய்ல பட்டினி நாத்தம்தான் இருக்கு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அறிவிருக்கா உனக்கு? வாயைத் திறந்து ஒரு சத்தம் குடுக்கக் கூடாது?" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

சோடா எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, உள்ள யாருகூட பேசிட்டிருந்தீங்க? வரும்போது ரெண்டு குரல் கேட்டுச்சே."

நர்ஸ் அக்கா அந்த நாற்காலியில் கையை வைத்தாள். சூடு பட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டு, முதல் ஆளாக வெளியே போனாள். சோடா பின்னாலேயே போனான். மாஸ்டர் கடைசியாக வரும் தன் வழக்கத்தை அன்றைக்கு விட்டுக்கொடுத்தார். கிரேன்காரன் வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

"இனிமே தலையை எண்ணிட்டுத்தான் பூட்டறது" என்றார் மாஸ்டர். எண்ணினார். எல்லாரும் வெளியேதான் இருந்தார்கள்.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, மரியாதையாக.

சோடாவின் கையில் சோடா நுரைத்து வழிந்தது. "திறந்து பாத்துடலாமா மாஸ்டர்?" என்றான் எச்சில் விழுங்கி.

"நாளைக்குக் காலைல நான் மேல ஏறணும்" என்றான் கிரேன்காரன். மாஸ்டர் கையிலிருந்த சாவியை வாங்கிப் பூட்டினான்.