மிளகுக்கு ஒரு பெரிய வண்டி

மகளின் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது என்பதை அவன் தற்செயலாகத்தான் கவனித்தான். மண்மேடுகளில் ஏறி இறங்கும் அந்தச் சின்ன மோட்டார் வண்டியின் மேல் அவள் தவளை மாதிரி குந்தியிருந்தாள். வளைவில் திரும்பும்போதெல்லாம் முழங்கால் இடித்து வண்டி லேசாக அலைந்தது. எத்தனை வாரமாக இப்படி ஓட்டுகிறாளோ, அவனுக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் கவனிப்பது அவன் மனைவியின் வேலையாக இருந்தது. அவள் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வாரம் முழுக்கப் பெரிய எஞ்சின்களுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் மகளையும் சின்ன வண்டியையும் தம்பியின் வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் மண்தடத்துக்குப் போய்விடுவாள். மகளுக்கு ‘மிளகு’ என்று பேர் வைத்தவளும் அவள்தான். பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு யாரும் அந்தக் குழந்தையின் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவனுக்கு வண்டி என்றாலே ஆகாது. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவன் அவன். மெழுகும் அச்சும் விளக்கு வெளிச்சமுமாக ஒரு சின்ன அறைக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பவன். “ஒருநாள் இல்ல ஒருநாள் இவ பல்லக் கையில வாங்கிட்டுத்தான் வரப்போற, பாரு” என்பான் மனைவியிடம். “அதுக்கென்ன, வீட்டுலயே ஆள் இருக்கு. ஓசியில மாட்டிவிடு” என்பாள் அவள். சில ஞாயிறுகளில் அது சிரிப்பில் முடியும். பல ஞாயிறுகளில் சண்டையில் முடியும். ஒரு தடவைகூட அவன் அந்தத் தடத்துக்குப் போனதில்லை.

பிறகு மனைவிக்கு ஈரலில் நோய் வந்தது. மழைக்காலம் தொடங்கும்போது படுத்தாள், முடிவதற்குள் போய்விட்டாள். வீட்டுச் சாவிகள் எங்கே, எந்தக் குழாய் ஒழுகும், மகளுக்கு எந்தச் சோப்பு ஒத்துக்கொள்ளாது என்று எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. போகப்போகிறோம் என்று அவள் கடைசிவரை நம்பவே இல்லை. வெயில் வந்ததும் மிளகு தன் தலைக்கவசத்தை எடுத்து வாசலில் வைத்தாள். “ஞாயித்துக்கிழமைப்பா” என்றாள். அவ்வளவுதான். அவனும் கிளம்பினான்.

முழங்கால் இடிப்பதைப் பார்த்த அன்று மாலை மச்சினனுக்குப் போன் செய்தான். மனைவியின் தம்பி, பிளம்பர், சொந்தமாக வேன் வைத்திருந்தான்.

“மாப்ள, மிளகுக்கு வேற வண்டி பாக்கணும்.”

“நீங்களா மாமா சொல்றீங்க?” என்றான் மச்சினன்.

மூவரும் போன வண்டிக் கடை, டயர் வாசனையும் எண்ணெய்ப் பிசுக்குமாக நீளமாக உள்ளே போனது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கடைக்காரர் மிளகைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வாங்க பாப்பா. எங்க உங்க மெக்கானிக்கு? வெளியில வண்டி நிறுத்துறாங்களா?”

“அம்மா செத்துப்போயிட்டாங்க அங்கிள்” என்றாள் மிளகு. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல இருந்தது அது. சொல்லிவிட்டு வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “எனக்கு யாருமே சொல்லலையே சார்.”

“சொல்லியிருக்கணும்” என்றான் அவன். மனைவிக்கு இந்த ஊரில் எத்தனை கடைகளில் எத்தனை பேரைத் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாது. தான் சொல்லாமல் விட்டவர்கள் இன்னும் எத்தனை பேரோ.

மச்சினன்தான் பேச்சை வண்டிக்குத் திருப்பினான். “எண்பத்தஞ்சு சிசி எடுத்துடலாம் மாமா. வளர்ற புள்ள. சின்னதா எடுத்தா சட்டுனு பத்தாமப் போயிடும்.”

“இப்ப அவ வெச்சிருக்கறது அம்பது” என்றார் கடைக்காரர். “அதுல கிளட்சும் இல்ல, கியரும் இல்ல. முறுக்குனா போகும், விட்டா நிக்கும். அடுத்தது இந்த அறுபத்தஞ்சு. இதுல ரெண்டுமே உண்டு. முறுக்க ஆரம்பிக்கும்போது தூங்குற மாதிரி இருக்கும், திடீர்னு முழிச்சுக்கும். அதுக்கு மேல எண்பத்தஞ்சு. அது இன்னும் உயரம்.”

“எட்டு வயசுப் புள்ளைக்கு எது சரி?” என்று கேட்டான் அவன்.

“வயச வெச்சு சொல்ல முடியாது சார். உக்கார வெச்சுப் பாக்கணும்.”

எண்பத்தைந்தின் மேல் உட்கார்த்தியபோது மிளகின் ஒரு கால் தரையைத் தொட்டது, மறு கால் காற்றில் தொங்கியது. “இன்னும் ஆறு மாசத்துல எட்டிடும்” என்றான் மச்சினன்.

அவனுக்கு அதுவரை அந்தக் கடையில் எதுவும் புரியவில்லை. இது புரிந்தது. “மாப்ள, வாய் வளரட்டும்னு யாராவது பல்செட்ட பெருசா செய்வாங்களா? மயிரிழை கூடினாலே ஈறு புண்ணாயிடும்” என்றான்.

அறுபத்தைந்தில் உட்கார வைத்தார்கள். இரண்டு கால்களின் முன்பாதமும் தரையில் பதிந்தன. அவன் மண்டியிட்டு முழங்காலுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே கை வைத்துப் பார்த்தான். எழுந்து நிற்கச் சொன்னான். கிளட்ச் லீவரை இரண்டு விரலால் இழுத்துப் பிடிக்கச் சொன்னான். விரல் எட்டவில்லை. கடைக்காரர் ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருகி லீவரை உள்ளே கொண்டுவந்தார். இப்போது எட்டியது.

“புடிச்சிருக்கா?”

“இதாம்பா” என்றாள். தலைக்கவசத்துக்குள் அவள் கண் மட்டும் தெரிந்தது.

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை வேனில் ஏற்றினார்கள். “நல்ல வண்டியாத்தான் எடுத்திருக்கீங்க மாமா” என்றான் மச்சினன். வீடு வரும்வரை அவனுக்கு மனசு லேசாக இருந்தது. மனைவி இருந்தால் என்ன செய்திருப்பாளோ அதைத் தானும் செய்துவிட்டதாக, அவள் போன பிறகு முதல்முறையாகத் தோன்றியது.

அந்த நினைப்பு அடுத்த ஞாயிறு வரைக்கும்தான் தாங்கியது.

மச்சினனுக்கு எங்கேயோ குழாய் உடைந்த வேலை; வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டான். அப்பாவும் மகளும் மட்டும்தான் தடத்தில் நின்றார்கள். மிளகு ஏறி உட்கார்ந்து உதைத்துக் கிளப்பினாள். கிளட்சை விட்டாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடி உதைத்தாள். மறுபடி அணைந்தது. அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் புழுதி கிளப்பிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள்.

“மெதுவா விட்டுப் பாரு” என்றான்.

“எத மெதுவா?”

“அந்தக் கிளட்ச.”

“மெதுவான்னா எவ்ளோ மெதுவா? எப்ப முறுக்கணும்? விடும்போதா, விட்டப்புறமா?”

வாழ்நாளில் அவன் கியர் வண்டி ஓட்டியதில்லை.

இன்னொரு முறை துள்ளியபோது வண்டி பக்கவாட்டில் சாய்ந்து அவள் கால் மேல் விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கினான். அடி பலமில்லை. ஆனால் அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“உனக்கு ஒண்ணுமே தெரியாது. அம்மாவுக்குப் பதிலா நீ செத்திருந்தா அம்மா எனக்கு இதச் சொல்லிக் குடுத்திருப்பாங்க.”

பக்கத்தில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவன் வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தினான். அவள் கணக்கில் தப்பு இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. “ஆமா” என்றான். “அம்மா சொல்லிக் குடுத்திருப்பா.”

அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் அப்படிச் சொன்னதும் மிளகு பயந்துபோய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அவள் காலில் மருந்து தடவிவிட்டான். பிறகு தன் அறைக்குப் போய், யாருக்கோ செய்து பாதியில் நின்ற மேல்வரிசைப் பற்களைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

மச்சினன் வந்து கற்றுக்கொடுத்தான். முறுக்குவதும் விடுவதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்று அவள் கை மேல் தன் கையை வைத்துக் காட்டினான். அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. கியர் மாற்றும் சத்தம்கூடச் சுத்தமாகக் கேட்டது. ஆனாலும் அவள் மெதுவாகத்தான் போனாள். மேடு வந்தால் வேகத்தைக் குறைத்தாள். ஐம்பது சிசியில் தாவிக் குதித்த இடங்களை அறுபத்தைந்தில் உருட்டிக்கொண்டு கடந்தாள்.

“பயமா இருக்கும், விடுங்க மாமா. பவரு ஜாஸ்திதான” என்றான் மச்சினன்.

ஒரு ஞாயிறு, தடத்தின் பின்பக்கம் பெரிய மேட்டுக்கு முன்னால் அவள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றாள். விழுந்துவிட்டாளோ என்று அவன் ஓடினான். எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“வண்டி மக்கர் பண்ணுதா?”

“இல்ல.”

“பயமா இருக்கா? பயமா இருந்தா சொல்லு, திருப்பிக் குடுத்துடலாம்.”

“பயம் இல்லப்பா.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். “சின்ன வண்டியில போனா இந்த இடத்துல அம்மா கத்துறது கேக்கும். இங்கதான் தடத்தோரம் கட்டியிருக்கற கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துவாங்க. அம்மா செத்தப்புறமும் கேட்டுச்சு. இந்த வண்டியில கேக்க மாட்டேங்குது.”

அவன் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான்.

“அம்மா இந்த வண்டிய பாத்ததே இல்லல்ல. அதான்” என்றாள் மிளகு, அவனுக்குப் புரிய வைப்பது போல.

மறுநாள் காலை கடை திறந்ததுமே போய் நின்றான். பழைய வண்டி வேண்டும் என்றான். எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை. “போயிடுச்சே சார். நீங்க குடுத்த வாரமே ஒரு அம்மா வந்து அவங்க பையனுக்கு வாங்கிட்டாங்க. கேட்டுப் பாக்கட்டுமா?”

“வேண்டாம்” என்றான். ஒரு குழந்தையிடமிருந்து வண்டியைப் பிடுங்கச் சொல்லி எந்த வாயால் கேட்பது.

சீக்கிரத்திலேயே அந்த வண்டி தடத்துக்கு வந்தது. ஸ்டிக்கர்களை உரித்துவிட்டு வேறு எண் ஒட்டியிருந்தார்கள். ஆனாலும் உதைக்கும் சத்தத்தைக் கேட்டதுமே மிளகு திரும்பினாள். பொடியன் ஒருவன் அதை உதைத்து உதைத்து ஓய்ந்துபோயிருந்தான். அவனுடைய அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றாள்.

மகளை அங்கிருந்து கூட்டிப் போய்விடலாம் என்று அவன் எழுந்தான். அதற்குள் அவள் அவர்களிடம் போய்விட்டாள்.

“காலையில அப்படித்தான் அடம் புடிக்கும் ஆன்ட்டி. அந்த சோக் லீவர இழுங்க. முறுக்காம உதைக்கச் சொல்லுங்க” என்றாள். வண்டி பிடித்துக்கொண்டது. பையன் கிளம்பிப் போனான். அவனுடைய அம்மா கயிற்றோரம் கூடவே ஓடிக்கொண்டு, “பாத்துடா, பாத்துடா” என்று கத்தினாள்.

மிளகு திரும்பி நடந்து வந்து வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா போன அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை. அவனும் உள்ளே ஏறி அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலைக்கவசம் அவன் தாடையில் இடித்தது. மச்சினன் வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே நின்றான்.

அழுகை அடங்கிய பிறகு அவன் கேட்டான். “அம்மா என்னன்னு கத்துவா?”

“உனக்குத் தெரியாதா?”

“நான்தான் வந்ததே இல்லையேம்மா.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யோசித்தாள். பிறகு வேனுக்குள்ளேயே, முழுத் தொண்டையில், “விடாத, விடாத, முறுக்குடி என் மிளகே” என்று கத்தினாள். கடைசிச் சொல்லில் குரல் கொஞ்சம் உடைந்து மேலே போனது. சிரிப்பு வந்தால் அவன் மனைவிக்குக் குரல் அப்படித்தான் போகும். வெளியே நின்ற மச்சினன் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

அத்தனை ஞாயிறுகளும் இந்தக் குரல் இங்கே இருந்திருக்கிறது. அவன் வீட்டில் இருந்திருக்கிறான்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றான்.

சொன்னாள்.

அந்த வருடம் முழுக்க மிளகு அறுபத்தைந்தை ஓட்டினாள். முன்பு போல இல்லை; நிதானமாக, தப்பில்லாமல் ஓட்டினாள். பின்பக்கத்துப் பெரிய மேட்டில் மட்டும் கடைசிவரை தாவவில்லை. அவனும் அங்கேதான், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றான். ஒரே ஒருமுறை, அவள் வரும்போது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அதே சொற்களைக் கத்திப் பார்த்தான். அடுத்த சுற்றில் அவள் வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தின் முகப்பைத் தூக்கினாள்.

“நீ கத்த வேணாம்பா” என்றாள். “சும்மா நில்லு.”