தோட்டாவுக்குள் ஒரு பள்ளம்

தன் கட்டைவிரலுக்கு அருகே நீட்டப்பட்ட மைப்பெட்டியைப் பாஞ்சாலை தட்டிவிட்டாள். பெட்டி எகிறிப் போய், பாடை கட்ட வைத்திருந்த பச்சை மூங்கிலில் நீல மையைத் தெளித்தது. பெட்டியை நீட்டியவர் அவள் புருஷனின் அண்ணன் குழந்தைசாமி.

"ஒரு ரேகைதானேம்மா. வெச்சுட்டா தூக்கிடலாம். பொழுது சாயுது."

"அதுல என்னா எழுதியிருக்குதுன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிக்கச் சொல்லுங்க மாமா."

கம்பெனி சூப்பர்வைசர் தேவநாதன் கையிலிருந்த காகிதத்தைப் படித்தார். மரக்காணம் உப்பளத்தில் உப்புக் கம்பெனிக் காவல்காரன் சடையப்பன், துடைத்த துணியைக் குழாயிலேயே மறந்துவிட்டுச் சுட்டதால் ரைபிள் வெடித்து இறந்தான். தவறு முழுக்க அவனுடையது. அடுத்தவன் தலையில் கட்டுவதென்றால் கம்பெனிக்காரர்களுக்குத் தமிழ் தங்குதடையில்லாமல் வருகிறது.

பாஞ்சாலைக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. இரண்டு நாள் பாண்டி ஆஸ்பத்திரி வாசலில் கிடந்து உடம்பை வாங்கி வந்தவள் அவள். முகத்துத் துணியை விலக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பதினோரு வருஷம் பார்த்த முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக்கூட வழியில்லை. அந்த முகத்தில் இவர்கள் சாணியும் அடிப்பார்களாம், அவள் ரேகை வேறு வைக்க வேண்டுமாம்.

"துணி அடைச்சிருந்தா குழாய்தான சார் கிழியணும்? கிழிஞ்சுதா? நீங்கதான ரைபிளத் தூக்கிட்டுப் போயி ஆபீஸ்ல பூட்டுனீங்க, சொல்லுங்க."

"பொம்பளைக்கு இதெல்லாம் என்னா தெரியும்?" என்றார் தேவநாதன்.

தெரியும். எழுபத்தொன்றில் கம்பெனி எங்கோ ஏலத்தில் எடுத்த கிழட்டு ரைபிள் அது. மாதம் ஒரு தடவை கடலைப் பார்த்து ஐந்து குண்டு சுட்டுச் சோதிக்க வேண்டும். சுட்ட தோட்டாவின் காலிக் கூடுகளை ஆபீஸில் ஒப்படைக்கும்போது சடையப்பன் ஒன்றை மடியில் முடிந்துகொண்டு வந்துவிடுவான். பாஞ்சாலையின் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, நீட்டி, நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே இழுப்பான்.

"ஊசி மாட்டுது பாரு. உள்ள பள்ளம் விழுந்திருக்குது. கூட்டை அடியில தாங்கற போல்ட்டு லூஸாயிடுச்சி, சுடறப்பல்லாம் கூட்டோட பித்தளை இழுபடுது. ஒருநாளு அடியோட அறுந்து நெருப்பு மூஞ்சிக்கே திரும்பும்."

மூன்று தடவை ஆபீஸில் போய்ச் சொன்னான். மூன்று தடவையும் சிரித்து அனுப்பினார்கள். அவளும் ஊசி வீணாகிறதே என்று அவனோடு மல்லுக்குத்தான் நின்றாள். அதை நினைக்க இப்போது நெஞ்சு எரிந்தது.

உள்ளே போய், கூடுகள் போட்டு வைத்திருந்த பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். அவிழ்ந்து கிடந்த கூந்தலில் தொங்கிய ஊசியை உருவி, பல்லால் கடித்து வளைத்தாள். இரண்டையும் வாய்க்கரிசித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அரிசி போடறவங்க இதையும் ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டுப் போங்க. அப்புறந்தான் அவர தூக்கணும்."

"அது கம்பெனி சொத்து," தேவநாதன் டப்பாவை நோக்கிக் கையை நீட்டினார்.

"அத ஒத்துக்கறீங்கல்ல? அப்ப ரைபிளும் உங்க சொத்துதான். கொண்டாந்து தொறந்து காட்டுங்க. அறுந்த கூட்டுல பாதி உள்ளயே சொருகிக்கினு இருக்கும்."

தேவநாதனின் கை பாதியில் நின்றது.

முதலில் வந்தவள் அவளோடு உப்பு வாரும் மங்கம்மா. அரிசியைப் போட்டாள். உப்பில் வெடித்த விரல்களால் ஊசியை உள்ளே விட்டு இழுத்தாள்.

"ஆமாண்டி. மாட்டுது."

அளத்து ஆட்கள் வரிசையில் வந்தார்கள். கூடுகள் மாறின, ஊசி மாட்டுவது மாறவில்லை. கம்பெனியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர்கள்தான். இப்போதும் ஒவ்வொருவரும் "மாட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

கடைசி ஆள் குழந்தைசாமி. அவரும் அதே கம்பெனியில்தான் பிழைக்கிறார். தம்பிக்கு அரிசி போட்டுவிட்டு, ஊசியை விட்டு இழுத்தார். கூட்டையும் ஊசியையும் தேவநாதனிடம் நீட்டினார்.

"நீங்களும் பாத்துருங்க சார்."

தேவநாதன் சுற்றிலும் பார்த்தார். பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டிய நாலு பேரும் குனியாமல் நின்றார்கள். இழுத்துப் பார்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. காகிதத்தைக் கீழே வைத்தார்.

ஒரு தடவை இழுத்தார். பிறகு யாரும் சொல்லாமலே, இன்னொரு தடவை, மெதுவாக இழுத்தார்.