தட்டில் கிடந்த காய்

போடியில் ஏலக்காய் பொறுக்கும் அந்தக் கூடத்தில் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அதனடியில் உட்கார்ந்தால் காயின் நிறம் பளிச்சென்று தெரியும். பன்னிரண்டு வருஷமாக அது சண்முகத்தாயின் இடம். போன சனிக்கிழமை அதைப் பந்தயத்தில் வைத்துவிட்டாள்.

வெள்ளிதோறும் சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் வரும் தொடரால் வந்த வினை. ஏதோ பழைய துப்பறியும் நாவலைக் குரங்கணியில் வைத்து எடுத்திருந்தார்கள். எஸ்டேட் முதலாளி கொலை. கொலை நடந்த ராத்திரி, அன்றைக்குப் பறித்த பச்சைக்காயை விடிய விடிய ஸ்டோரில் உலர்த்திக்கொண்டிருந்ததாகவும், முதலாளி அந்தப் பக்கமே வரவில்லை என்றும் மேனேஜர் சொல்கிறான். திரையில் இரண்டே விநாடி, ஸ்டோர்த் தட்டில் காய். சண்முகத்தாய் எழுந்தே விட்டாள். பச்சைக்காயாவது! வரிவரியாகச் சுருங்கிக் காய்ந்த காய்.

"மேனேஜர்தான் கொன்னான். காய் பொய் சொல்லாது" என்று மறுநாள் கூடத்தில் அடித்துப் பேசினாள்.

"டிவிக்காரனுக்குக் காயப் பத்தி என்னத்தத் தெரியும்? கொன்னது மொதலாளியோட தம்பிக்காரன்" என்றாள் கூடவே காய் பொறுக்கும் மொக்கம்மாள். அவளுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. "தோத்தா ஜன்னல விட்டுர்றியா?"

"விட்டுர்றேன், மதினி."

அதன்பின் சண்முகத்தாய்க்கு வேலை ஓடவில்லை. பெருங்காயும் சிறுகாயும் கலந்து விழுந்தன. செல்போனில் அந்த இரண்டு விநாடியை இருபது தடவையாவது பார்த்திருப்பாள். வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில், படப்பிடிப்புக்குச் சாமான் ஏற்றிய ஜீப் டிரைவர் சுருளியைப் பிடித்தாள்.

"அந்தக் காய் யாரு குடுத்தது, அண்ணே?"

"நாந்தேன். பச்சைக்காய்தான் கேட்டாங்க. வெளச்சல் இல்லாத மாசம், எங்கிட்டுப் போறது? காஞ்சதக் கொட்டிட்டு வந்துட்டேன். எவனுக்குத் தெரியப் போகுது?"

அப்படியானால் அந்தக் காய் துப்பே இல்லை; ஜன்னல் போனது போலத்தான் என்று வீடு வந்தாள் சண்முகத்தாய்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதி. மாட்டியவன் மேனேஜரேதான்! அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ஆனால் துப்பறிபவர் காயைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஸ்டோர்ச் சுவரில் தொங்கிய குடையைச் சொன்னார். முதலாளியின் வெள்ளிப்பிடி போட்ட குடை, நனைந்தபடி. அப்படியானால் முதலாளி அன்றிரவு அங்கே வந்திருக்கிறார்.

செல்போனை எடுத்துப் பார்த்தாள். தட்டுக்கு நேர் மேலே, சொட்டச் சொட்ட, குடை. எதையும் மறைக்காமல்தான் எடுத்திருக்கிறார்கள்.

காலையில் மொக்கம்மாள், "உக்காரு மகராசி, ஜெயிச்சுட்டேல்ல" என்றாள்.

சண்முகத்தாய் தட்டோடு நின்றாள். "இல்ல மதினி. அந்தக் காய் சுருளி பண்ணுன கோளாறு. நான் குடையப் பாக்கவே இல்ல." எல்லாவற்றையும் சொன்னாள். கூடம் சிரித்து ஓய நேரமாயிற்று.

"அப்ப பாதி ஜன்னல் எனக்கு. தள்ளு." மொக்கம்மாள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, செல்போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டாள்.

"குடை எங்கடி இருக்கு? எனக்குக் காய்தான் தெரியுது."